சிகரெட்டை விட்டால் அப்பாவின் மனச்சோர்வு கூடிவிடுமா?

ஒரு மகளின் கேள்வி இது. அப்பாவுக்கு 57 வயது. பத்து வருடமாகச் சுகர். போன வருடம் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். அதற்கும் முன்பிருந்தே மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறார். ஒரு நாளைக்கு 15 சிகரெட். இதய டாக்டர் உடனே நிறுத்தச் சொல்கிறார். வீட்டிலோ, "இருக்கிற மனநிலையில் இதையும் பிடுங்கினால் என்ன ஆவாரோ" என்ற பயம். மூன்று முறை விட்டுப் பார்த்து, மூன்று முறையும் மறுபடி தொடங்கிவிட்டார். இந்த விஷயத்தில் ஆராய்ச்சிகள் உண்மையில் என்ன சொல்கின்றன, நான்காவது முறை முயல்வதில் அர்த்தம் இருக்கிறதா என்று கேட்கிறார்.

உங்கள் வீட்டார் பயப்படுவதில் தப்பே இல்லை. நான் நெஞ்சகப் பிரிவு ஒன்றில் புகையிலை நிறுத்த ஆலோசகராகப் பல ஆண்டுகள் இருந்தவன். நோயாளி எழுந்து வெளியே போன பிறகு, அவர் மனைவியோ பிள்ளையோ கதவோரம் தயங்கி நின்று இதே கேள்வியைக் கேட்பார்கள். அவர் முன்னால் கேட்க மனசு வராது. ஒரு பெரியவர் என்னிடமே சொன்னார்: "எல்லாத்தையும் விட்டாச்சு சார். சர்க்கரை போட்ட காபி, உப்பு, ஊறுகாய், எல்லாம். எனக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதான்." அந்த வாக்கியத்துக்குச் சட்டென்று பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

நேரடிப் பதில் முதலில். சிகரெட்டை விட்டவர்களின் மனநிலை, தொடர்ந்து புகைப்பவர்களின் மனநிலையைவிட நன்றாக ஆகிறது. ஏற்கெனவே மனநலச் சிக்கல் உள்ளவர்களுக்கும் அப்படித்தான். ஆனால் முதல் சில வாரங்கள் கஷ்டமானவை. அந்த வாரங்களை மருந்தும் துணையும் இல்லாமல் தனியாகக் கடக்கச் சொல்வதுதான் ஆபத்து. அப்பாவின் முந்தைய மூன்று முயற்சிகளும் அங்கேதான் உடைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒரு சொல் பிரச்சினையைத் தீர்த்துவிடுகிறேன். நாம் டென்ஷனையும் மன அழுத்தம் என்கிறோம், டிப்ரெஷனையும் மன அழுத்தம் என்கிறோம். இந்த விஷயத்தில் அந்தக் குழப்பம் நிறையக் கெடுக்கிறது. வேலைச் சுமையால் வரும் படபடப்பு வேறு. வாரக் கணக்கில் எதிலும் நாட்டமில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, "நான் எதற்கும் லாயக்கில்லை" என்ற எண்ணத்தோடு கிடப்பது வேறு. இரண்டாவதை மனச்சோர்வு என்றே இங்கே எழுதுகிறேன்.

மனச்சோர்வுக்கும் சிகரெட்டுக்கும் உள்ள தொடர்பை மருத்துவ உலகம் கவனித்தது ஏறக்குறையத் தற்செயலாகத்தான். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் கிளாஸ்மன் என்ற மனநல மருத்துவர், குளோனிடின் என்ற இரத்த அழுத்த மருந்து சிகரெட்டை விட உதவுமா என்று சோதித்துக்கொண்டிருந்தார். 71 பேர், எல்லோருமே அதிகம் புகைப்பவர்கள். அந்த நேரத்தில் மனச்சோர்வில் இருப்பவர்களை அவர் சேர்க்கவே இல்லை. அப்படியிருந்தும், பழைய வரலாற்றைக் கேட்டபோது 61 சதவீதம் பேருக்கு வாழ்க்கையில் ஏதோ ஒரு கட்டத்தில் கடுமையான மனச்சோர்வு வந்து போயிருந்தது. விட முடியாமல் திரும்பியவர்களில் அவர்களே அதிகம். 1988-ல் இது வெளியானது. இரண்டு வருடம் கழித்து, அமெரிக்க மக்களை ஒன்பது ஆண்டுகள் பின்தொடர்ந்த இன்னொரு ஆய்வு வந்தது. மனச்சோர்வு அறிகுறிகள் இருந்த புகைப்பாளர்களில் 9.9 சதவீதம் பேர் சிகரெட்டை விட்டிருந்தார்கள். அறிகுறி இல்லாதவர்களில் 17.7 சதவீதம். அதுவரை விட முடியாதவர்களை மன உறுதி இல்லாதவர்கள் என்று சொல்லிவந்த பலர், வேறு ஏதோ நடக்கிறது என்று யோசிக்கத் தொடங்கினார்கள்.

முதலில் தோன்றிய விளக்கம் உங்கள் வீட்டார் சொல்வதுதான்: மனச்சோர்வு உள்ளவர் சிகரெட்டை மருந்து போலப் பயன்படுத்துகிறார், அது அவரைத் தாங்கிப் பிடிக்கிறது. மேலை நாடுகளின் மனநல மருத்துவமனைகளில் நல்ல நடத்தைக்குப் பரிசாகச் சிகரெட் கொடுத்த காலம்கூட உண்டு. அவர்களுக்கு இருக்கிற ஒரே ஆறுதல் என்று மருத்துவர்களே நம்பினார்கள்.

உடம்புக்குள் நடப்பதைப் பாருங்கள். இழுத்த புகையிலுள்ள நிகோடின் 10 முதல் 20 விநாடிகளில் மூளையைத் தொடுகிறது. அங்கே டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது, ஒரு தெளிவும் இதமும் வருகிறது. ஆனால் இரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் நிகோடின் பாதியாகிவிடும். அது இறங்கும்போது எரிச்சல், பதற்றம், மனம் தாழ்வது, கவனம் நிற்காதது எல்லாம் லேசாகத் தலைகாட்டும். அடுத்த சிகரெட்டைப் பற்றவைத்தால் அவை போய்விடும். அப்பா விழித்திருக்கும் 16 மணி நேரத்தில் 15 சிகரெட் என்றால், கிட்டத்தட்ட மணிக்கு ஒருமுறை இந்த ஏற்ற இறக்கம் நடக்கிறது. ஒவ்வொரு முறையும் அவர் அனுபவிக்கும் நிம்மதி நிஜம்தான். அதில் அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த நிம்மதி தீர்க்கிற துன்பத்தின் பெரும்பகுதி, முந்தைய சிகரெட் விட்டுச்சென்றது. முப்பது வருடம் இப்படிப் போனால், தன் இயல்பான மனநிலை எது, நிகோடின் இறங்கும்போது வரும் மனநிலை எது என்று பிரித்துப் பார்க்க யாராலும் முடியாது. மனச்சோர்வும் உள்ளவருக்கு அது இன்னும் கஷ்டம், ஏனென்றால் இரண்டின் அறிகுறிகளும் ஒரே மாதிரி இருக்கும்.

இதைச் சோதிக்க ஒரே வழி, விட்டவர்களின் மனநிலையை விடுவதற்கு முன்பும் பின்பும் அளந்து, விடாதவர்களோடு ஒப்பிடுவது. இங்கிலாந்தில் ஜெம்மா டெய்லரும் அவர் குழுவும் அப்படிச் செய்த 26 ஆய்வுகளைத் திரட்டி 2014-ல் வெளியிட்டார்கள். விட்டவர்களுக்கு மனச்சோர்வு, பதற்றம், மன இறுக்கம் மூன்றும் குறைந்திருந்தன. எனக்கு நெஞ்சில் பதிந்தது அந்த மாற்றத்தின் அளவு. மனச்சோர்வு மாத்திரைகள் தரும் பலனுக்குச் சமமாக அல்லது அதற்கும் மேலாக இருந்தது. மனநலச் சிக்கல் உள்ளவர்கள், இல்லாதவர்கள் இரு தரப்பிலும் அந்த அளவு ஒத்திருந்தது. 2021-ல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்புக்காக இதையே விரித்து 102 ஆய்வுகளைப் பார்த்தார்கள். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவல். முடிவு மாறவில்லை.

சரி, இதில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். மனசு தேறியவர்கள்தான் சிகரெட்டை விட்டார்களோ? விட்டதால் தேறினார்களா, தேறியதால் விட்டார்களா? இப்படிப்பட்ட ஆய்வுகளால் இதை முழுதாகப் பிரித்துவிட முடியாது. ஆனாலும் நம் கேள்விக்கு அது போதும். சிகரெட்தான் ஒருவரைத் தாங்கிப் பிடிக்கிறது என்றால், அதை எடுத்ததும் பெரும்பாலோர் சரிந்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. மரபணு வேறுபாடுகளை வைத்து இங்கிலாந்தில் செய்த ஆய்வும், புகைத்தலே மனச்சோர்வுக்கான ஆபத்தைக் கூட்டுகிறது என்ற பக்கம்தான் சாய்கிறது.

இனி எதிர்ப்பக்கம். அதே கிளாஸ்மன் 2001-ல், முன்பு மனச்சோர்வு வந்து குணமாகி, மாத்திரைகளையும் நிறுத்தியிருந்த புகைப்பாளர்களைப் பின்தொடர்ந்தார். விட்டவர்களில் 31 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்துக்குள் மனச்சோர்வு திரும்பியது. தொடர்ந்து புகைத்தவர்களில் 6 சதவீதம். சிறிய ஆய்வுதான், நூறு பேர் அளவில். வேறு ஆய்வுகளில் இந்த வித்தியாசம் தெரியவில்லை. ஆனாலும் நான் இதை ஒதுக்கித் தள்ள மாட்டேன். சராசரியில் எல்லோரும் தேறினாலும், சிலருக்கு நோய் திரும்பலாம். யாருக்கு என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. அதனால்தான் அப்பாவின் மனநல மருத்துவருக்குத் தெரியாமல் இதைத் தொடங்கக் கூடாது. முக்கியமாக, "சிகரெட்டை விடுகிறேனே, இனி இந்த மாத்திரை எதற்கு" என்று மனச்சோர்வு மாத்திரையை இதே சமயத்தில் நிறுத்திவிடக் கூடாது.

நாள் கணக்கு தெரிந்தால் வீட்டில் பாதி பயம் போகும். விட்ட 24 மணி நேரத்துக்குள் எரிச்சல், தூக்கக் கேடு, பசி, மனத்தாழ்வு தொடங்கும். முதல் வாரத்தில் உச்சம். பெரும்பாலோருக்கு மூன்று நான்கு வாரங்களில் அடங்கிவிடும். அடங்காமல் நான்காவது வாரத்துக்குப் பிறகும் நீடித்தால், அல்லது நாளுக்கு நாள் கூடினால், அது நிகோடின் நின்றதால் வரும் தொல்லை இல்லை, மனச்சோர்வு தலைதூக்குகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர்கள் பயன்படுத்தும் ஒன்பது கேள்விப் பட்டியல் ஒன்று உண்டு. கடந்த இரண்டு வாரத்தில் இவை எத்தனை நாள் இருந்தன என்று கேட்கும். மொத்தம் 27 மதிப்பெண், 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும். விடுவதற்கு முன் ஒருமுறை, இரண்டாவது வாரம் ஒருமுறை, நான்காவது வாரம் ஒருமுறை இதை எடுத்துப் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். அதன் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போகலாம் என்றோ தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா என்பது. அதற்கு "ஆமாம்" என்று ஒருமுறை சொன்னாலும், மதிப்பெண்ணைக் கூட்டிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

அடுத்தது மருந்து. இங்கே ஒரு பழைய பயம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. சிகரெட்டை விட உதவும் மாத்திரைகளான வரெனிக்லின், புப்ரோப்பியான் ஆகிய இரண்டும் தற்கொலை எண்ணத்தைத் தூண்டலாம் என்று 2009-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மருந்தின் விவரக் குறிப்பிலேயே கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை அச்சிட வைத்தது. மனநோய் உள்ளவர்களுக்கு இவற்றை எழுதவே மருத்துவர்கள் தயங்கினார்கள். இதைத் தீர்க்க 16 நாடுகளில் 8,144 பேரைச் சேர்த்து ஒரு பெரிய பரிசோதனை நடந்து 2016-ல் வெளியானது. பாதிப்பேருக்கு மேல் மனநலச் சிக்கல் உள்ளவர்கள். அந்தப் பிரிவில், கடுமையான மனநலப் பக்கவிளைவு வரெனிக்லின் எடுத்தவர்களில் 6.5 சதவீதம், புப்ரோப்பியானில் 6.7, தோலில் ஒட்டும் நிகோடின் பேட்ச்சில் 5.2, மருந்தில்லாத வெறும் மாத்திரையில் 4.9. இந்த வித்தியாசங்கள் தற்செயலாகவே வரக்கூடிய அளவில்தான் இருந்தன. அந்த ஆண்டு டிசம்பரில் கறுப்புக் கட்டத்தை எடுத்துவிட்டார்கள்.

பலன் எப்படி? அதே மனநலப் பிரிவில், ஒன்பதாவது வாரம் முதல் 24-வது வாரம் வரை ஒன்றுகூடத் தொடாதவர்கள் வரெனிக்லினில் 18.3 சதவீதம், புப்ரோப்பியானில் 13.7, பேட்ச்சில் 13, வெறும் மாத்திரையில் 8.3. கடைசி எண்ணைக் கவனியுங்கள். அவர்களுக்கும் ஆலோசனை கிடைத்தது, அக்கறையாகப் பின்தொடர்ந்தார்கள், அப்படியும் 8.3. எதுவுமே இல்லாமல், ஒரு காலையில் பாக்கெட்டைக் கசக்கிப் போட்டுவிட்டு விட்டுப் பார்த்த உங்கள் அப்பா மூன்று முறை திரும்பியது அவருடைய குறையே இல்லை.

அவர் ஏற்கெனவே சாப்பிடும் மனச்சோர்வு மாத்திரை சிகரெட்டையும் நிறுத்த உதவாதா என்று நீங்கள் நினைக்கலாம். செர்ட்ராலின், ஃப்ளுவாக்செடின் போன்றவை மனச்சோர்வுக்கு நன்றாக வேலை செய்யும், சிகரெட்டை விடுவதற்கு உதவுவதில்லை என்றுதான் பரிசோதனைகள் காட்டின. புப்ரோப்பியான் இரண்டுக்கும் உதவும். ஆனால் அதில் வலிப்பு வரும் ஆபத்து கொஞ்சம் உண்டு, இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கினால் அந்த ஆபத்து கூடும். எனவே அப்பாவுக்கு அதுவா வேறா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். கடையில் கேட்டு வாங்கிவிடாதீர்கள்.

நிகோடின் சூயிங்கமும் பேட்ச்சும் இதயத்துக்கு ஆகாது என்று பலர் பயமுறுத்துவார்கள். இதய நோயாளிகள் 584 பேரிடம் பேட்ச்சைச் சோதித்து 1996-லேயே முடிவு வந்துவிட்டது. மாரடைப்போ மரணமோ அதனால் கூடவில்லை. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடும் நுண்துகளும்தான் இரத்தக் குழாயைக் கெடுப்பவை. பேட்ச்சில் அவை இல்லை. ஆனால் மாரடைப்பு வந்து இரண்டு வாரத்துக்குள் என்றால் மட்டும் மருத்துவர் பார்வையில் தொடங்க வேண்டும். பேட்ச் ஒன்றும் கூடவே சூயிங்கமும் என்று சேர்த்து எடுப்பது, ஒன்றை மட்டும் எடுப்பதைவிட நன்றாக வேலை செய்கிறது.

சூயிங்கத்தை நம் ஆட்கள் பெரும்பாலும் தப்பாகத்தான் மெல்லுகிறார்கள். சாதாரண சூயிங்கம் மாதிரி மென்று முழுங்கினால் விக்கலும் வயிற்று எரிச்சலும்தான் மிச்சம், நிகோடின் வயிற்றுக்குள் போய் வீணாகும். மெதுவாக மென்று, காரமாகச் சுரீரென்றதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். சுரீர் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். ஒரு துண்டுக்கு அரை மணி நேரம். அதற்கு முன் கால் மணி நேரம் காபி, டீ, ஜூஸ் கூடாது. காலையில் எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பவர் என்றால் 2 மில்லிகிராம் போதாது, 4 தேவைப்படும். இந்த ஒரு பத்தியைச் சொல்லிக்கொடுக்காமல் சூயிங்கம் எழுதிக் கொடுத்து, "அதுவும் போட்டுப் பார்த்தேன், ஒண்ணும் ஆகல" என்று திரும்பி வந்தவர்களை எண்ணிக்கை வைக்க முடியாத அளவுக்குப் பார்த்திருக்கிறேன்.

டாக்டர்களே மறந்துவிடும் விஷயம் ஒன்று. புகையில் உள்ள தார், கல்லீரலில் சில மருந்துகளைக் கரைக்கும் ஒரு நொதியை முடுக்கிவிடுகிறது. புகைப்பதை நிறுத்தியதும் அந்த நொதி மெதுவாகிவிடும், அதே மாத்திரையின் அளவு இரத்தத்தில் ஏறும். மனநோய்க்குத் தரும் ஓலன்ஸபைன், குளோஸபைன், மனச்சோர்வுக்குத் தரும் டுலோக்செடின், மூச்சிரைப்புக்குத் தரும் தியோஃபிலின் எல்லாம் இந்த வகை. அளவைக் குறைக்க வேண்டி வரலாம். காபியிலுள்ள கஃபீனும் இதே வழியில்தான் கரைகிறது. எனவே வழக்கம்போல நாலு காபி குடித்தால், விட்ட முதல் வாரத்தில் அது எட்டு காபி குடித்த மாதிரி படபடக்கும், தூக்கம் போகும். "சிகரெட்டை விட்டதால்தான் இப்படி" என்று எல்லோரும் நினைப்பார்கள். காபியைப் பாதியாக்கிப் பாருங்கள்.

சர்க்கரையைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். விட்ட முதல் வருடத்தில் சராசரியாக நாலு ஐந்து கிலோ எடை கூடும். இங்கிலாந்தில் சர்க்கரை நோயாளிகள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்ததில், விட்ட பிறகு மூன்று மாதச் சர்க்கரை சராசரி 0.21 சதவீதப் புள்ளி ஏறி, மூன்று வருடத்தில் தொடர்ந்து புகைப்பவர்களின் அளவுக்கு இறங்கி வந்தது. இது தெரியாமல் இருந்தால், அடுத்த பரிசோதனையில் சர்க்கரை கூடியிருப்பதைப் பார்த்து அப்பாவே, "விட்டதும் சுகர் ஏறுது, அப்போ எதுக்கு" என்று முடிவு கட்டிவிடுவார். எடை கூடினாலும் இதயத்துக்குக் கிடைக்கும் லாபம் குறைவதில்லை என்று பெரிய ஆய்வுகள் சொல்கின்றன. மாத்திரையைக் கொஞ்சம் கூட்டிச் சமாளிக்கலாம்.

அந்த லாபம் எவ்வளவு? இதய நோய் வந்தவர்களில் சிகரெட்டை விட்டவர்களின் மரண ஆபத்து, விடாதவர்களைவிட 36 சதவீதம் குறைவு என்று 20 ஆய்வுகளைத் திரட்டிய கணக்கு 2003-ல் வந்தது. பிரிட்டிஷ் மருத்துவர்களை 1951 முதல் ஐம்பது ஆண்டு தொடர்ந்த ரிச்சர்ட் டால் குழுவின் ஆய்வில், 50 வயதில் விட்டவர்களுக்குச் சுமார் ஆறு ஆண்டுகள், 60-ல் விட்டவர்களுக்கும் சுமார் மூன்று ஆண்டுகள் ஆயுள் மிச்சமானது. அப்பா இரண்டுக்கும் நடுவில் இருக்கிறார். "15-ஐ மூன்றாகக் குறைத்துவிட்டேன்" என்பதில் மட்டும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று புகைத்தாலும், இருபது புகைப்பவருக்கு இதய நோய் ஆபத்து எவ்வளவு கூடுகிறதோ அதில் ஏறக்குறையப் பாதி வந்துவிடுகிறது. குறைப்பது விடுவதற்கான படிக்கட்டாக இருந்தால் சரி.

மனச்சோர்வும் இதயத்தைத் தொடுகிறது. மாண்ட்ரியலில் மாரடைப்பு வந்த 222 பேரைப் பின்தொடர்ந்த 1993 ஆய்வில், மனச்சோர்வு இருந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் இறக்கும் ஆபத்து மற்றவர்களைவிடச் சுமார் நான்கு மடங்கு. அப்படியென்றால் மனச்சோர்வைக் குணப்படுத்தினால் இதயம் பிழைக்குமே என்று அமெரிக்காவில் 2,481 பேரிடம் மனநலச் சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள். மனசு ஓரளவு தேறியது. மரணமும் அடுத்த மாரடைப்பும் குறையவில்லை. இரண்டு நோய்க்கும் நடுவே சிகரெட், மாத்திரையைத் தவறவிடுவது, நடக்காமல் உட்கார்ந்தே இருப்பது என்று பல இழைகள் ஓடுகின்றன. ஒன்றை மட்டும் இழுத்தால் முடிச்சு அவிழ்வதில்லை.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் முறைக்கு நம் ஊரிலேயே நல்ல சான்று இருக்கிறது. சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் உட்பட இந்தியாவில் நான்கு இடங்களில், சர்க்கரையும் மனச்சோர்வும் சேர்ந்த 404 பேரிடம் ஒரு பரிசோதனை நடத்தி 2020-ல் வெளியிட்டார்கள். மருத்துவர் அல்லாத ஒரு ஒருங்கிணைப்பாளர் நோயாளியோடு தொடர்பில் இருப்பார், மனசையும் சர்க்கரையையும் சேர்த்தே விசாரிப்பார், மருத்துவர்களிடம் எடுத்துச்சொல்வார். இரண்டு வருட முடிவில், மனச்சோர்வு பாதியாகக் குறைந்து, கூடவே சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு இவற்றில் ஒன்றாவது தேறியவர்கள் 71.6 சதவீதம். வழக்கமான சிகிச்சையில் 57.4. இது சிகரெட்டுக்கான ஆய்வு இல்லை. ஆனால் அந்த ஒருங்கிணைப்பாளர் செய்த வேலையை உங்கள் வீட்டில் நீங்களே செய்யலாம் என்பதால் சொல்கிறேன்.

பேச்சு வழிச் சிகிச்சையில் மனச்சோர்வுள்ள புகைப்பாளர்களுக்கென்றே ஒன்று இருக்கிறது. சிகரெட் போன இடத்தில் வெறுமை வராமல், மனசுக்குப் பிடித்த சின்னச் சின்ன வேலைகளை நாளுக்குள் திட்டமிட்டு நுழைப்பது. அதன் மேல் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் நேர்மையாகச் சொன்னால், அமெரிக்காவில் 300 பேரிடம் சோதித்து 2023-ல் வந்த முடிவில், அது சாதாரண ஆலோசனையை மிஞ்சவில்லை. வரெனிக்லின்தான் வித்தியாசம் காட்டியது. பேச்சே வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை, அங்கே இரு பக்கமும் ஆலோசனை இருந்தது. பேச்சை மட்டும் நம்பி மருந்தை ஒதுக்காதீர்கள் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

என் அனுபவத்தில் உதவியது இதுதான்: சிகரெட் எந்த இடத்தில், யாரோடு, எதற்குப் பிறகு என்று ஒரு வாரம் எழுதி வைப்பது. பெரும்பாலும் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று, டீக்கடையில் ஒன்று, கழிப்பறைக்கு முன் ஒன்று, சண்டைக்குப் பின் ஒன்று என்று வரும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மாற்று வேண்டும். சாப்பாட்டுக்குப் பின் வாயில் ஏலக்காயோ கிராம்போ போடலாம், டீக்கடை நேரத்தில் யாராவது கூட நடக்கலாம். வெற்றிலையோடு புகையிலைக்கு மட்டும் மாறக் கூடாது, அதிலும் நிகோடின்தான், வாய்ப்புற்று வேறு. முன்பு நான் சொன்ன பெரியவருக்கு, தனக்கென்று இன்னொன்று தேவைப்பட்டது. மாலையில் பேரனைப் பள்ளியிலிருந்து அழைத்துவரும் வேலையை மகள் அவரிடம் விட்டாள். சிகரெட் வாடை பிள்ளைக்கு ஆகாது என்று அந்த ஒரு மணி நேரத்துச் சிகரெட் முதலில் நின்றது. மற்றவை நிற்க இன்னும் எட்டு மாதம் ஆனது, இரண்டு முறை வழுக்கினார்.

நீங்கள் கேட்ட கடைசி விஷயத்துக்கு வருகிறேன், நான்காவது முறை முயல்வதில் அர்த்தம் இருக்கிறதா என்பது. கனடாவின் ஒன்டாரியோவில் புகைப்பவர்களைப் பல ஆண்டு பின்தொடர்ந்து கணக்கிட்டதில், ஒருவர் நிரந்தரமாக விடுவதற்குள் 30 முறைக்கு மேல் முயல்வதாக வருகிறது. சின்னச் சின்ன முயற்சிகளையும் சேர்த்த மதிப்பீடு அது. மூன்று முறை என்பது தொடக்கம்தான். அப்பாவிடம் அந்த மூன்று முறையும் எத்தனை நாள் தாங்கினார், எந்தச் சூழலில் உடைந்தது என்று கோபமில்லாமல் கேளுங்கள். அவருக்கே அதில் பதில் தெரிந்திருக்கும்.

பிறகு ஒரு தாளில் அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயர், அளவு, சிகரெட் எண்ணிக்கை, காலையில் முதல் சிகரெட் எத்தனை மணிக்கு என்பதை எழுதி, இதயம், சுகர், மனநலம் என மூன்று டாக்டரிடமும் அதே தாளைக் காட்டுங்கள். சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 மத்திய அரசின் இலவச உதவி எண், தமிழிலும் பேசுவார்கள். மனநிலை சரியில்லாத இரவுகளுக்கு அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ், எண் 14416, எந்த நேரமும் எடுப்பார்கள். விடும் தேதியை அவரே குறிக்கட்டும். அந்தத் தேதிக்குப் பிறகான முதல் பத்து நாளும் நீங்களோ அம்மாவோ யாராவது ஒருவர் வீட்டில் அவரோடு இருக்க முடிகிற மாதிரி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.